நாலு மணிக் காற்றை அடைத்த அறை

உப்புத்துறையில் காற்றுக்கு நேரம் உண்டு. காலையில் ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போகும், பகலெல்லாம் எங்கேயோ படுத்துக் கிடக்கும், ஊர் வெந்து புழுங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, பேச வாய் திறந்தாலே வேர்க்கிற நேரமாகப் பார்த்து, சரியாக நாலு மணிக்கு, உப்பளத்து வரப்புகளைத் தாண்டி, கருவாட்டுக் களத்தைத் தாண்டி, மாதா கோயில் கொடியை ஒரு தட்டுத் தட்டி, மாரியம்மன் கோயில் மணியை ஒரு ஆட்டு ஆட்டி, கீழத்தெருவில் மூன்றாவது வீட்டின் பின்பக்கத்து முற்றத்துக்குள் வந்து நிற்கும். அந்தத் தெருவில் அதே மாதிரி இருபது வீடு, இருபது முற்றம். ஆனாலும் அது முதலில் வருவது அங்கேதான். அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டவன் ஒரே ஒருத்தன், அந்த வீட்டு மாப்பிள்ளை வையாபுரி.

வையாபுரி கரூர்ப் பக்கத்துக்காரன். அங்கெல்லாம் காற்று என்றால் அடிக்கும், நிற்கும், அவ்வளவுதான், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. புழுங்குகிற ஊரில் ஃபேன் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உப்புத்துறைக்கு வந்தவன், கடைக்கு டேபிள் ஃபேன் வாங்க வந்த வேதநாயகியைப் பார்த்தான், ஃபேனை ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்ற சாக்கில் நாலு தடவை அவள் வீட்டுக்குப் போனான், ஐந்தாவது தடவை பெண் கேட்டுப் போனான். ஒற்றைப் பெண்ணை வெளியூருக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள் பெற்றவர்கள். சரி என்று வீட்டோடு மாப்பிள்ளையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெரியவர்கள் காலம் முடிந்து போய்ச் சேர்ந்தார்கள், மகள் பிறந்து வளர்ந்து தஞ்சாவூரில் ஹாஸ்டலில் படிக்கப் போனாள், பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது, ஊர் இன்னமும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

கடை எட்டு மணிக்குச் சாத்துவது அவன் வழக்கம். ஒருநாள் குடோன் சாவியை மறந்து வீட்டில் வைத்துவிட்டதால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தான். சமையலறை ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. வேதநாயகி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையை அவிழ்த்து விட்டிருந்தாள். காற்று வந்திருந்தது. அவள் முடியை அள்ளி அள்ளிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது, அவள் அதனிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, சின்னப் பிள்ளை மாதிரி. வையாபுரி அப்படிப்பட்ட சிரிப்பை அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவள் தலையில் பூ இருந்தது. காலையில் அவன் வாங்கிக் கொடுத்த அதே முல்லைச்சரம். வாங்கின கையோடு வைத்துக்கொள்ளாமல், ஈரத்துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி, முகம் கழுவி, பொட்டு வைத்து, நாலு மணிக்கு எடுத்துச் சூடியிருக்கிறாள். பதினெட்டு வருஷமாக எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவன் வாடின பூவைத்தான் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வையாபுரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எதிராளி மனுஷனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம், பஞ்சாயத்து வைக்கலாம், தெருவில் நின்று அவன் பரம்பரையையே இழுக்கலாம். காற்றை என்ன செய்வது? அதுவும் ஃபேன் விற்கிறவன் போய்க் காற்று மேல் புகார் சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? சாவியை எடுக்காமலே கடைக்குத் திரும்பினான். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தான்.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் நாலு மணிக்கு வந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றான். பார்க்கப் பார்க்க எரிச்சல். பார்க்காவிட்டால் அதைவிட எரிச்சல். "அங்க உக்காந்து தனியா என்ன பேசுற?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். "சும்மாதான்" என்றாள் வேதநாயகி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. சும்மா பேசுகிறவள் ஏன் சிரிக்க வேண்டும்? சும்மா உட்காருகிறவள் ஏன் பூ வைக்க வேண்டும்? அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். வெளியே கேட்டது வேறு.

"வேதா, பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு. ரூமாக்கிடலாம்."

"எதுக்குங்க?"

"ஈரம் அடிக்குது. மழை வந்தா சமையக்கட்டு வரைக்கும் தண்ணி. நாலு பேரு மாதிரி நமக்கும் ஒரு ஏசி ரூம் வேணாமா? புள்ள லீவுக்கு வந்தா படுக்க ஆச்சு."

"புள்ளைக்கு மாடியில ரூம் இருக்கே."

"அது மாடி. இது கீழ."

இப்படிச் சொல்கிறவனிடம் என்னத்தைப் பேசுவது? வேதநாயகி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொத்தனார் இருதயசாமி வந்தார். கடலோரத்தில் நாற்பது வருஷம் சுவர் எழுப்பினவர், எந்தச் சுவரையும் முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மூன்று பக்கம் வீட்டுச் சுவரே இருந்தது, கிழக்கே கடல் பார்த்த பக்கத்தை எழுப்பி, மேலே கூரை போட்டு, சமையலறைக்கு ஒரு கதவு விட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர் தலையைச் சொறிந்தார்.

"மொதலாளி, கெழக்கால மேல ரெண்டு வென்டிலேட்டர் விட்டுருவோம். இது கடலோரம். மூச்சு விட வழியில்லாத ரூம் இந்த ஊருல நிக்காது. சுவரு அழுவும்."

"அழுவட்டும். ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் தெறக்காத கண்ணாடி."

இருதயசாமி அதையும் ஒத்துக்கொண்டார். கூலி வாங்குகிறவர் எவ்வளவுதான் மல்லுக்கட்ட முடியும்? ஆனால் கண்ணாடி வைக்கிற நாள் வந்தபோது ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். உப்புத்துறைக் கொத்தனார்களுக்கு ஒரு முறை உண்டு. எந்த அறையானாலும் கடைசித் திறப்பைக் காலையில்தான் அடைப்பார்கள், காற்று கடலுக்குப் போகிற நேரத்தில். உள்ளே இருப்பது வெளியே போய்விடும், பிறகு அடைத்தால் வீட்டுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

"சாயங்காலம் அடைக்கிற பழக்கமே கெடயாது மொதலாளி. எங்கப்பா அடைச்சதில்ல, அவுங்கப்பா அடைச்சதில்ல."

"ஏனுங்க கொத்தனாரே, காத்தென்ன ஆடா மாடா, உள்ள போய் மாட்டிக்கிறதுக்கு?" என்று வையாபுரி சிரித்தான். கோபமோ கொண்டாட்டமோ வந்தால் அவனுக்குக் கரூர்ப் பேச்சு தானாக வந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கண்ணாடி வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டான். அவனுக்குத் தேவை அறை இல்லை. பதினெட்டு வருஷமாகச் சொல்லாமல் கொள்ளாமல் தன் வீட்டுக்குள் நுழைந்த அந்தக் காற்று, அன்றைக்கும் சீவி முடித்துச் சிங்காரித்து வந்து, அடைத்த சுவரில் மூக்கை இடித்துக்கொள்ள வேண்டும், அதைத் தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காகவே அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, கையில் கடிகாரத்தோடு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பொறாமைக்காரனுக்குக் கடிகாரம் சரியாகத் தெரியாது. அவன் கடிகாரம் நாலடிக்க ஒரு நிமிஷம் இருந்தபோதே காற்று வந்துவிட்டது. வழக்கம்போல வரப்புகளைத் தாண்டி வந்து, முற்றம் இருந்த இடத்தில் ஒரு சுவரும் சுவரில் ஒரு சதுரமும் இருப்பதைப் பார்த்து, கடிகாரத்திலேயே கண்ணாக இருந்த வையாபுரியின் காதோரமாக வழுக்கிக்கொண்டு சதுரத்துக்குள் நுழைந்து, உள்ளே துவைக்கிற கல்லையும் கல்லின் மேல் உட்காருகிறவளையும் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. வையாபுரிக்கு நாலு மணி ஆனது. "வைங்க!" என்று கத்தினான். இருதயசாமி கண்ணாடியை வைத்து அழுத்தினார். சுற்றிலும் ரப்பர் வைத்து மெழுகினார். வையாபுரி சுவருக்கு முதுகைக் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, வா பார்க்கலாம் என்று நின்றான். வரவில்லை. ஐந்து மணி ஆகியும் வரவில்லை. தோற்றுப்போய்த் திரும்பிவிட்டது என்று நினைத்து அவன் சந்தோஷமாக மீசையை முறுக்கிக்கொண்டான்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு வேதநாயகி சமையலறையிலிருந்து அந்தப் புது அறையின் கதவைத் திறந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி கூரைக்குப் பறந்தது. "அட!" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் ஊரில் காற்று இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாதா கோயில் கொடி துவண்டு தொங்கியது, மாரியம்மன் கோயில் மணியைப் பூசாரி கையால் ஆட்ட வேண்டியிருந்தது. உப்புத்துறைக்காரர்கள் இதற்கெல்லாம் மலைத்துப்போகிறவர்கள் இல்லை. காற்று எங்கே என்று விசாரித்தார்கள், கீழத்தெரு மாப்பிள்ளை வீட்டு அறையில் இருக்கிறது, வந்த வழியைத் தவிர வேறு வழியில் அது வெளியே போகாது என்று இருதயசாமி சொன்னார், அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள், அடுத்த கேள்வியாக அங்கே எத்தனை மணிக்குப் போகலாம் என்றார்கள். முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் பாக்கியம், இடுப்பில் ஈரத்துணிக் கூடையோடு.

"மாப்ள, ரெண்டு நாளா ஒரு பாவாடை காயல. ஒங்க ரூமுல கொஞ்சம் விரிச்சுக்கிறேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பாக்கியத்தைத் தொடர்ந்து தெருவே வந்தது, தெருவைத் தொடர்ந்து ஊரே வந்தது. வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், வடகம் பிழிந்த பாயோடு சில பேர் வந்தார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு வந்தார்கள், கருவாட்டுக் களத்துப் பெண்கள் நெத்திலிக் கூடையோடு வந்தார்கள். முதல் நாள் கருவாடும் பட்டுப்புடவையும் ஒரே நேரத்தில் உள்ளே போய் அடிதடி ஆகிவிட்டதால், பாக்கியம் தானே முன்வந்து ஒரு முறை வகுத்தாள்: விடிந்ததும் குழந்தைகள், பிறகு துணி, பிறகு வடகம் அப்பளம், மத்தியானம் கருவாடு, வெள்ளிக்கிழமை கருவாடு கிடையாது. நாலு மணிக்கு மட்டும் யாருக்கும் இடமில்லை. "அது வேதாவோட நேரம்" என்று பாக்கியம் சொன்னாள், ஊரும் சரிதான் என்றது. வையாபுரியை யாரும் கேட்கவில்லை.

ஊருக்கே பொறாமை வந்தது அப்போதுதான். "வேதாவுக்கு என்ன, காத்தை வீட்டுக்குள்ளயே வச்சிருக்கா" என்று குழாயடியில் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சுக்குக்கூட ஊரில் காற்று போதவில்லை. பெட்டி படுக்கையெல்லாம் பூசணம் பூத்தது, கதவுகள் ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை, தீக்குச்சி உரசினால் பற்றவில்லை, ஜாடியில் போட்ட உப்பு தண்ணீராகிப் போனது, உப்பளத்தில் தண்ணீராக நின்றது உப்பாக மாட்டேன் என்றது. வையாபுரியின் கடையில் ஃபேன் எல்லாம் மூன்றே நாளில் காலி. ஆனால் வாங்கினவர்கள் யாரும் வாழ்த்தவில்லை. இருக்கிற புழுக்கத்தைத்தான் ஃபேன் சுற்றிச் சுற்றி அடிக்கும், வெந்நீரைக் கரண்டி விட்டுக் கலக்குகிற மாதிரி, இல்லாத காற்றுக்கு அது எங்கே போகும்?

ஊர் தன்னைப் பார்த்து வயிறெரிவதில் வையாபுரிக்கு இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தான், தலை சுற்றியது. முன்பெல்லாம் அது நாலு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். இப்போது காலையில் அவள் காபி போடும்போது இருக்கிறது, மத்தியானம் அவள் கண்ணயரும்போது இருக்கிறது, சாயங்காலம் அவள் பூ வைக்கும்போது இருக்கிறது. வந்து போய்க்கொண்டிருந்ததைத் தானே பிடித்து வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துவிட்டோமே! ஒரு வீட்டுக்கு ஒரு வீட்டோடு மாப்பிள்ளை போதாதா?

ஒருநாள் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து அறைக்குள் போனான். உள்ளே கட்டிய கொடிகளில் ஊர்த் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்து, என்னதான் செய்யும் பார்க்கலாம் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினான். காற்று அவனைச் சுற்றிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் துணி ஆடியது, அந்தப் பக்கம் துணி ஆடியது, நடுவில் அவன் சட்டை நுனிகூட அசையவில்லை. வேர்த்து ஊற்றியது. இவ்வளவு பெரிய அவமானத்தை எந்த மனுஷனும் அவனுக்குச் செய்ததில்லை. கடையிலிருந்து, விற்காமல் தனக்கென்று வைத்திருந்த பெரிய பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து அதற்கு எதிரே நிறுத்தி, முழு வேகத்தில் வைத்தான். ஃபேன் ஒரு நிமிஷம் தயங்கியது, நின்றது, பிறகு பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. வையாபுரி ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஆனால் இருதயசாமி சொன்னது சொன்னதுதான். மூச்சு விட வழியில்லாத அறை அது. மூன்றாவது வாரம் சுவர் அழ ஆரம்பித்தது. முதலில் கூரையோரத்தில் முத்து முத்தாக, பிறகு கோடு கோடாக, பிறகு தரைவரைக்கும். புதுச் சுண்ணாம்பு பொங்கி உதிர்ந்தது. காற்றும் மாறியது. துணி காய அரை நாள் ஆனது, பிறகு ஒரு நாள் ஆனது, காய்ந்த துணியிலும் பழைய கோணிச் சாக்கு வாசம் அடித்தது. வடகத்தின் மேல் பச்சை பூத்தது. வரிசையில் நின்றவர்கள் குறைந்தார்கள். குழந்தைகளை உள்ளே விடாதே, காற்றுக்கு உடம்பு சரியில்லை, ஒட்டிக்கொள்ளும் என்று பாக்கியம் சொன்னாள். கடைசியில் அது எழுந்து சுற்றுவதையே விட்டுவிட்டு, துவைக்கிற கல் முன்பு இருந்த மூலையில், தரையோடு தரையாக, ஒரு ஈரச்சாக்கு கிடக்கிற மாதிரிக் கிடந்தது. கையை நீட்டினால் விரலுக்கு அடியில் லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான்.

வேதநாயகி பூ வைப்பதை விட்டாள். நாலு மணிக்கு உள்ளே போய் அந்த மூலையில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பேசாமல் இருந்துவிட்டு வந்தாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். எதிராளி விழுந்துவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வையாபுரி நினைத்தான். ஒரு வாரம் பார்த்தான். ஒன்றும் சரியாகவில்லை. வாடின பூவாவது முன்பு எட்டு மணிக்கு அவன் பங்குக்கு மிஞ்சும். இப்போது அதுவும் இல்லை.

மீனவர் பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவமூர்த்தி நாலு பேரோடு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"மாப்ள, ஒங்க வூட்டு விசயம் ஒங்க வூட்டோட. ஆனா காத்து ஊருக்குப் பொது. ஒரு மாசமா உப்பு வெளையல, மீனு காயல. தொறந்து விட்டுருங்க."

"என் எடத்துல நான் ரூம் கட்டினேன். அதுவா வந்து மாட்டிக்கிச்சு. நான் என்னங்க பண்ணட்டும்?"

"அது செத்துப்போச்சுன்னா?"

"போகட்டும்" என்றான் வையாபுரி. சொன்ன வேகத்தில் திரும்பினான், வேதநாயகி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அவன் செத்தால்கூட அவள் இப்படி நிற்பாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. கல்யாணமான புதிதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குக் கேட்டான், ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல்.

"அதுகிட்ட அப்படி என்னதான் பேசுவ? எங்கிட்ட சொல்ல முடியாததா?"

வேதநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பெருசா என்ன பேசப்போறேன்? பால் திரிஞ்சது, பாக்கியத்தக்கா சொன்ன கதை, புள்ள போன்ல சொன்னது. அன்னன்னைக்கு நடந்ததுதான்."

"அதை எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீங்க எட்டு மணிக்கு வருவீங்க. சாப்புடுவீங்க. படுப்பீங்க. பதினெட்டு வருசமா நாலு மணிக்கு இந்த வீட்டுக்கு வந்தது அது ஒண்ணுதாங்க. வர்றவங்ககிட்டதானே பேச முடியும்?"

அவளிடமிருந்து ஒரு சுடுசொல்லை எதிர்பார்த்திருந்த வையாபுரிக்கு அந்தச் சாதாரணப் பேச்சைத் தாங்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்து யோசித்தான். அவன் திருந்திவிட்டான் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. அவன் யோசித்ததும் பொறாமையோடுதான். காற்று வெளியே போய்விட்டால், நாலு மணிக்கு வந்து நின்று அதோடு போட்டி போடலாம், ஜெயிக்கலாம், தோற்கலாம். உள்ளேயே செத்துப்போய்விட்டாலோ? சாகிற வரைக்கும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். உயிரோடு இருப்பதையே ஜெயிக்க முடியவில்லை, செத்துப்போனதை எப்படி ஜெயிப்பது? விடக் கூடாது, சாக விடவே கூடாது. வையாபுரி எழுந்தான், வேட்டியை மடித்துக் கட்டினான், இருதயசாமி வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் தானே ஓடிப்போய்க் கடப்பாரையை வாங்கி வந்தான்.

கண்ணாடியோடு அவன் நிற்கவில்லை. கிழக்குச் சுவர் முழுவதையும் இடித்தான். ஒரு மாச ஈரத்தில் ஊறிய சுவர் பிட்டுப்பிட்டாக விழுந்தது. கடல் தெரிந்தது. ஊரே பின்னால் திரண்டு நின்றது. ஆனால் காற்று எழுந்திருக்கவில்லை. மூலையில் கிடந்தபடியே கிடந்தது. வேதநாயகி அதன் பக்கத்தில் குனிந்து, "போ, போயிட்டு வா" என்றாள். ஒரு நூல்கூட அசையவில்லை.

"அதுக்குச் சக்தி இல்ல மொதலாளி" என்றார் இருதயசாமி, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு. "யாராவது தள்ளி விட்டாத்தான் உண்டு."

தள்ளுவது என்றால் எதைக் கொண்டு தள்ளுவது? வையாபுரிக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பெரிய பெடஸ்டல் ஃபேனை இழுத்துக்கொண்டு வந்து, மூலையின் சுவரோரமாக, கடலைப் பார்த்து நிறுத்தினான். ஒரு ஃபேன் போதவில்லை. அப்புறம் நடந்ததை உப்புத்துறையில் இன்றைக்கும் சாதாரணமாகத்தான் சொல்வார்கள்: பாக்கியம் தன் வீட்டு ஃபேனைக் கொண்டுவந்தாள், தாண்டவமூர்த்தி பஞ்சாயத்து ஆபீஸ் ஃபேனைக் கொண்டுவந்தார், உப்பளத்துக்காரர்கள் கொண்டுவந்தார்கள், மாதா கோயில் சாமியார் கொண்டுவந்தார், மாரியம்மன் கோயில் பூசாரி கொண்டுவந்தார், எல்லாம் வையாபுரி கடையில் வாங்கின ஃபேன்கள், எல்லாவற்றையும் சமையலறையிலும் கூடத்திலும் மாடிப்படியிலும் வரிசையாகக் கடலைப் பார்த்து வைத்து, தெருவிலிருந்த அத்தனை வீட்டிலிருந்தும் ஒயர் இழுத்து, "போடுங்க!" என்று வையாபுரி ஒரு சத்தம் கொடுத்ததும் ஒரே நேரத்தில் போட்டார்கள். அவனுடைய பெரிய ஃபேன் இந்தத் தடவை பின்பக்கம் சுற்றவில்லை. மூலையில் கிடந்தது ஒரு புரண்டு புரண்டது. தலையைத் தூக்கியது. வேதநாயகியின் முடியில் ஒரு இழை ஆடியது. பிறகு ஃபேன்கள் முதுகில் தள்ளத் தள்ள, தத்தித் தத்தி, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. போகும்போது கருவாட்டுக் களத்தில் ஒரு கீற்று மட்டும் அசைந்ததைப் பார்த்துப் பெண்கள் குலவை போட்டார்கள். ஃபேன்களை அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள், மாறிப்போன இரண்டொன்றுக்காகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: மூன்றரை முதல் ஐந்தரை வரை கடை இருக்காது. வையாபுரி இடிபாட்டை அள்ளிக் கொட்டி, துவைக்கிற கல்லைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டு, இரண்டு டம்ளர் டீயோடு வேதநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கூரை மட்டும் மேலே நின்றது. நாலு மணிக்குக் காற்று ஊருக்கு வந்தது. கொடியைத் தட்டியது, மணியை ஆட்டியது, இவர்கள் முற்றத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் பாக்கியத்தின் வீட்டுக்குள் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் சிரிப்பது கேட்டது. இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

மூன்றாம் நாள் வையாபுரி ஆள் வைத்துக் கூரையையும் பிரித்தான். அப்போதும் வரவில்லை. வராததால் வேதநாயகிக்கு வேறு வழியில்லாமல் பால் திரிந்த கதையை அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவனும் கடைக்கு வந்த ஒரு கஞ்சனின் கதையைச் சொன்னான். நாள் போகப் போகக் கதைக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது. ஒருநாள் அவள் தலையில் நாலு மணிக்கே புதுப் பூ இருந்ததைப் பார்த்தான். யாருக்காக என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் அது வந்தது. சுவர் இருந்த தடத்தில் ஒரு நிமிஷம் நின்றது. வேதநாயகி பரபரவென்று கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காற்று அவளைத் தாண்டிக்கொண்டு நேராக வையாபுரியிடம் போனது. சட்டைக்குள் புகுந்து முதுகை ஊத வைத்தது, அக்குளில் நுழைந்து கழுத்து வழியாக வந்தது, தலையில் மிச்சமிருந்த நாலு முடியையும் நிமிர்த்தி நிற்க வைத்தது. வையாபுரிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஏய், விடு, அட விடுங்கறேன்ல" என்று கையை ஆட்டி, கண்ணை உருட்டிச் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு தன்னிடம் இருந்தது அவனுக்கே தெரியாது. தினமும் வந்தது அதற்கப்புறம். தினமும் நாலு மணிக்கு, அவள் பூவைத் தாண்டி, அவன் சட்டைக்குள்ளேயே போனது. மூன்றே கால் மணிக்கே அவன் வீட்டுக்கு வந்துவிடுவான், புதுச்சட்டை மாற்றிக்கொள்வான், அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

எட்டாம் நாள் வேதநாயகி சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளர் கையிலேயே ஆறிப்போனது. இரவு சாப்பாட்டில் ரசத்தை ஊற்றும்போது டங்கென்று கரண்டியை வைத்தாள்.

"ஏங்க, நாளைக்கு அந்த இருதயசாமியை வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "ஈரம் அடிக்குது. நாலு பேரு மாதிரி நமக்கும் ஒரு ஏசி ரூம் வேணாமா?"